மல்டிபாத் ஸ்டோரேஜ் பாதை அறுந்தால்: லினக்ஸ் சர்வரில் கோளாறைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. மல்டிபாத்தில் (ஒரே ஸ்டோரேஜ் டிஸ்க்குக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாகக் கையாளும் லினக்ஸ் மென்பொருள்) ஒரு பாதை 'ஃபெயில்ட்' என்று காட்டும். உடனே மல்டிபாத் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வார்கள். சரியாகாது. ஐஸ்கஸியை (நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜ் டிஸ்க்கை சர்வருக்குத் தரும் முறை) ரீஸ்டார்ட் செய்வார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த மற்றப் பாதைகளும் போய்விடும். கடைசியில் கோளாறு சுவிட்சில் யாரோ மாற்றிய ஒரு போர்ட்டில் இருந்திருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் கட்டளைகளைவிட வரிசைதான் முக்கியம். உதாரணத்துக்கு ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: லினக்ஸ் சர்வர் ஒன்று, அதில் ஸ்டோரேஜுக்கென்று 2 நெட்வொர்க் கார்டுகள், 2 சுவிட்சுகள், ஏ, பி என்று 2 கண்ட்ரோலர் கொண்ட ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. முதல் கார்டு 10.10.1.51, இரண்டாவது 10.10.2.51. ஒவ்வொரு சப்நெட்டிலும் ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் ஒரு போர்ட்டல் (சர்வர் போய் இணையும் ஐபி முகவரி): 10.10.1.11, 10.10.2.11 ஏ-வுக்கு, 10.10.1.12, 10.10.2.12 பி-க்கு. ஒரு லன்னுக்கு (ஸ்டோரேஜ் பெட்டி சர்வருக்குத் தரும் ஒரு டிஸ்க்) மொத்தம் 4 பாதைகள்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உயிர்போகிற விஷயமாக இருக்கும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு வயரிங் பட்டியல். எந்த கார்டிலிருந்து எந்த கேபிள், எந்த சுவிட்சின் எந்த போர்ட்டுக்குப் போகிறது, அங்கிருந்து எந்த கண்ட்ரோலருக்கு. இது இல்லாமல் தொடங்கினால் ஒரு மணி நேரம் கழித்து நீங்களே உட்கார்ந்து அதைத்தான் வரைவீர்கள்.

இரண்டாவது, சர்வரின் ரிமோட் கன்சோல். எஸ்எஸ்எச் மட்டும் போதாது. ரூட் டிஸ்க்கே ஸ்டோரேஜில் இருந்தால், பாதைகள் போன நொடியில் எஸ்எஸ்எச் உறைந்துவிடும். கன்சோலின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று அப்போது தேடக்கூடாது.

மூன்றாவது, ஸ்டோரேஜ் பெட்டியின் நிர்வாகத் திரையைப் பார்க்கும் அனுமதி, அல்லது அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் போனில். சர்வர் பக்கம் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

பிறகு, அந்த லன்னில் என்ன ஓடுகிறது, கடைசி பேக்கப் எப்போது எடுத்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாதை போனதற்கு அவசரம் இல்லை. மிச்சம் 3 இருக்கின்றன. ஆனால் தேடும்போது தவறிப்போய் மிச்சத்தையும் அறுத்துவிட்டால், அப்போதுதான் அவசரம் தொடங்கும்.

2. எதையும் தொடும் முன் நிலையைப் பதிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்கள் குறைவு. 'மல்டிபாத் -எல்எல்', 'ஐஸ்கஸிஅட்ம் -எம் செஷன் -பி 3' (இதில் பி பெரிய எழுத்து), 'எல்எஸ்பிஎல்கே', 'ஐபி அட்ரஸ்', 'ஐபி ரூட்', கெர்னல் லாக், மல்டிபாத்டியின் (பின்னணியில் ஓடி பாதைகளைச் சோதிக்கும் மல்டிபாத் சர்வீஸ்) லாக். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள். அந்த ஃபைல் உள் டிஸ்கில் இருக்கட்டும். சந்தேகத்துக்குள்ளான லன்னிலேயே போய் எழுதாதீர்கள், அப்படியும் நடந்திருக்கிறது.

ஏன் என்றால், சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் செஷன் (சர்வர் ஒரு போர்ட்டலில் லாகின் செய்து வைத்திருக்கும் இணைப்பு) எண்கள் மாறும், எஸ்டிபி, எஸ்டிசி என்ற டிஸ்க் பெயர்கள் மாறலாம். லாகில் கெர்னல் டிஸ்க்குக்குத் தரும் எண்ணோடு 'பாதை 8:16 தோல்வி' என்று இருக்கும். ஆனால் இப்போது 8:16 என்பது வேறு ஒரு பாதையாக இருக்கும்.

லாகில் முதலில் தேட வேண்டியது காரணத்தை அல்ல, நேரத்தை. முதல் பாதை எத்தனை மணிக்கு விழுந்தது? அதே நேரத்தில் சுவிட்சில் யாராவது வேலை செய்தார்களா? ஸ்டோரேஜ் பெட்டியில் ஃபர்ம்வேர் அப்டேட் ஓடியதா? சர்வர், சுவிட்ச், ஸ்டோரேஜ் மூன்றின் கடிகாரமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். 7 நிமிட வித்தியாசத்தால் ஒரு முழு மதியம் தவறான ஆளைச் சந்தேகித்த அனுபவம் எனக்கு உண்டு.

3. 'மல்டிபாத் -எல்எல்' வெளியீட்டை வாசிப்பது

புதியவர்கள் இதில் வரிகளை எண்ணுகிறார்கள். 4 வரி இருந்தால் சரி, 3 இருந்தால் கோளாறு என்று. எண்ணிக்கை ஆரம்பம்தான்.

முதல் வரியில் மேப்பின் (பாதைகளைச் சேர்த்து உருவாக்கிய ஒற்றை டிஸ்க்) பெயர், அதன் டபிள்யூடபிள்யூஐடி (லன்னின் மாறாத அடையாள எண்), ஸ்டோரேஜ் மாடல். அடுத்த வரியில் அளவு, ஃபீச்சர்ஸ், ஹார்டுவேர் ஹேண்ட்லர். ஃபீச்சர்ஸில் 'க்யூ இஃப் நோ பாத்' இருக்கிறதா என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 10-ஆம் படியில் தேவைப்படும்.

அதன்கீழ் பாதைகள் குழுக்களாக வரும். ஒவ்வொரு குழுவுக்கும் 'ப்ரையோ' என்ற ஒரு எண். அலுவா முறையில் (எந்தப் பாதை லன்னுக்கு நேர் வழி என்று பெட்டியே சொல்லும் முறை) இயங்கும் பெட்டியில், லன்னைத் தற்போது வைத்திருக்கும் கண்ட்ரோலர் வழிப் பாதைகளுக்கு 50, மற்ற கண்ட்ரோலர் வழிப் பாதைகளுக்கு 10. ஆகவே நம் உதாரணத்தில் 50 உள்ள குழுவில் 2 பாதைகள், 10 உள்ள குழுவில் 2 பாதைகள் இருக்க வேண்டும். முதல் குழு 'ஆக்டிவ்', இரண்டாவது 'எனேபிள்ட்'. இரண்டாவது குழு சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, 'பாதி பாதை வேலை செய்யவில்லை' என்று சொல்லி, எல்லாப் பாதைகளையும் ஒரே குழுவில் போடும் 'மல்டிபஸ்' கொள்கைக்கு மாற்றிவிடுபவர்கள் உண்டு. அப்போது பாதி ஐஓ தவறான கண்ட்ரோலருக்குப் போய், அங்கிருந்து உள்ளேயே சுற்றிக்கொண்டு சரியான கண்ட்ரோலருக்கு வரும். வேகம் கூடாது, குறையும்.

ஒவ்வொரு பாதை வரியின் கடைசியிலும் 3 சொற்கள் இருக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் சொல் கெர்னலில் உள்ள டிவைஸ் மேப்பர் என்ன நினைக்கிறது என்பது: ஆக்டிவ் அல்லது ஃபெயில்ட். இரண்டாவது, மல்டிபாத்டி அனுப்பும் சோதனை என்ன சொல்கிறது என்பது: ரெடி, ஃபால்ட்டி, கோஸ்ட் போன்றவை. மூன்றாவது, ஸ்கஸி அடுக்கு டிஸ்க்கை எப்படிக் குறித்திருக்கிறது என்பது: ரன்னிங் அல்லது ஆஃப்லைன்.

'ஃபெயில்ட் ஃபால்ட்டி ரன்னிங்' என்றால் பாதை உண்மையிலேயே போய்விட்டது. கீழே இறங்கித் தேடுங்கள். 'ஃபெயில்ட் ரெடி ரன்னிங்' என்றால் பாதை திரும்பிவிட்டது, டிவைஸ் மேப்பருக்கு இன்னும் சேதி போகவில்லை. சில நொடிகளில் சரியாக வேண்டும். நிமிடக் கணக்கில் அப்படியே நின்றால் மல்டிபாத்டி ஓடுகிறதா என்று பாருங்கள். கெர்னலில் உள்ள மேப், மல்டிபாத்டி செத்தாலும் இயங்கும். ஆனால் விழுந்த பாதையைத் தூக்கி நிறுத்த ஆள் இருக்காது.

மூன்றாவது சொல் 'ஆஃப்லைன்' என்றிருந்தால், ஸ்கஸி அடுக்கு பலமுறை முயன்று கைவிட்டுவிட்டது என்று பொருள். கேபிள் சரியானாலும் அந்த டிஸ்க் தானாக எழாது. சிஸ்எஃப்எஸில் (கெர்னல் தன் நிலையை ஃபைல்களாகக் காட்டும் இடம்) அந்த டிஸ்க்கின் 'ஸ்டேட்' ஃபைலில் 'ரன்னிங்' என்று நீங்கள்தான் எழுத வேண்டும். 'எல்லாம் சரிசெய்துவிட்டோம், ஒரு பாதை மட்டும் வரவே மாட்டேன் என்கிறது' என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை இதுதான்.

'கோஸ்ட்' என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கண்ட்ரோலர் விழித்திருக்க மற்றது காத்திருக்கும் பெட்டிகளில், காத்திருக்கும் பாதைக்கு அதுதான் பெயர்.

4. கீழிருந்து மேலே: கேபிள், போர்ட், சுவிட்ச்

எந்தப் பாதை போயிருக்கிறது என்று தெரிந்தாயிற்று. இப்போது போனவற்றுக்குள் பொதுவானது எது என்று பாருங்கள். 10.10.1 சப்நெட்டின் இரண்டு பாதைகளும் போயிருந்தால் முதல் கார்டு, அதன் கேபிள் அல்லது முதல் சுவிட்ச். ஏ கண்ட்ரோலரின் இரண்டு பாதைகளும் போயிருந்தால் அந்த கண்ட்ரோலர். ஒன்றே ஒன்று போயிருந்தால் ஸ்டோரேஜ் பக்கத்து ஒற்றை போர்ட் அல்லது கேபிள். இந்த ஒரு கேள்வியே தேட வேண்டிய இடத்தைக் கால்வாசியாகக் குறைத்துவிடும். வயரிங் பட்டியல் கேட்டது இதற்குத்தான்.

பிறகு 'ஈத்டூல்' மூலம் கார்டின் லிங்க், வேகம் பாருங்கள். 10 ஜிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 1 ஜிகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கும் கேபிள்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஈத்டூல் -எஸ்' (பெரிய எழுத்து எஸ்) காட்டும் எண்ணிக்கைகளில் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) ஏறுகின்றனவா என்று 1 நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். மொத்த எண்ணிக்கை பழைய கதையாக இருக்கலாம். ஏறிக்கொண்டிருந்தால்தான் இன்றைய கோளாறு.

ஃபைபர் சேனல் வைத்திருப்பவர்கள் இந்தப் படியில் சிஸ்எஃப்எஸின் எஃப்சி-ஹோஸ்ட் ஃபோல்டரில் போர்ட் ஸ்டேட் 'ஆன்லைன்' தானா என்று பார்த்துவிட்டு, அங்கேயே இருக்கும் பிழை எண்ணிக்கைகளையும் சுவிட்சில் சோனிங்கையும் பாருங்கள். அடுத்த 2 படிகள் உங்களுக்கு இல்லை. நேராக 7-க்குப் போகலாம்.

5. பிங் போகிறது என்பதை நம்பாதீர்கள்

ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் 9000 எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) வைப்பது வழக்கம். சர்வர், இரு சுவிட்சுகள், ஸ்டோரேஜ் போர்ட் எல்லாவற்றிலும் அது ஒத்துப்போக வேண்டும். நடுவில் ஒரே ஒரு சுவிட்ச் போர்ட் 1500-இல் நின்றால் வரும் அறிகுறி விசித்திரமானது. சாதாரண பிங் போகும். ஐஸ்கஸி லாகின் ஆகும். டிஸ்க் கூடத் தெரியும். பெரிய ரீட் ஒன்று தொடங்கியதும் தொங்கிவிடும். ஏனென்றால் லாகின் பாக்கெட்டுகள் சின்னவை, டேட்டா பாக்கெட்டுகள் பெரியவை.

ஆகவே பிங்கைத் துண்டாக்காதே என்று சொல்லி, 8972 பைட் அளவில் அனுப்புங்கள்: 'பிங் -எம் டூ -எஸ் 8972'. எம் பெரிய எழுத்து, எஸ் சின்ன எழுத்து. 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போனால் மிச்சம் 8972. 9000 என்றே போட்டு, 'போகவில்லை, சுவிட்ச் சரியில்லை' என்று நெட்வொர்க் ஆட்களிடம் சண்டைக்குப் போய் மூக்குடைபட்டவர்கள் உண்டு.

எந்த கார்டிலிருந்து போக வேண்டும் என்பதை 'பெரிய ஐ' விருப்பத்தில் குறிப்பிட்டு, 4 போர்ட்டலுக்கும் தனித்தனியே செய்யுங்கள். பிறகு 3260 டிசிபி போர்ட் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிங் போய், 3260 மறுக்கப்பட்டால் ஃபயர்வால் அல்லது ஸ்டோரேஜில் அந்தச் சேவை அணைந்திருக்கிறது.

6. செஷன்: எத்தனை என்று கேட்காதீர்கள், எதன் வழியாக என்று கேளுங்கள்

இந்தப் படிதான் பலரை ஏமாற்றுவது. மல்டிபாத்தில் 4 பாதைகள் பச்சைப்பசேலென்று இருக்கும். ஒரு கேபிளைப் பிடுங்கினால் 4-ம் போய்விடும். காரணம், நான்கு செஷன்களும் ஒரே கார்டு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு கார்டுகளையும் ஒரே சப்நெட்டில் வைத்தால் இப்படித்தான் ஆகும். லினக்ஸ் ரூட்டிங் பட்டியலில் அந்த சப்நெட்டுக்கு முதலில் உள்ள கார்டையே எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, ஒரு கார்டின் ஐபிக்கு வரும் ஏஆர்பி கேள்விக்கு ('இந்த ஐபி யாருடையது' என்பது) மற்ற கார்டும் பதில் சொல்லும். 'ஐபி ரூட் கெட்' என்று போட்டு ஒவ்வொரு போர்ட்டலையும் கேளுங்கள். எந்த கார்டு என்று அதுவே சொல்லிவிடும். 'எஸ்எஸ் -டிஎன்' வெளியீட்டில் 3260 உள்ள வரிகளில் நம் பக்க ஐபி எது என்று பார்த்தாலும் தெரியும்.

தீர்வு, நம் உதாரணத்தைப்போல 2 தனி சப்நெட். அதற்கு வழியே இல்லையென்றால் மட்டும், ஐஸ்கஸிஅட்ம்-இன் ஐஃபேஸ் முறையில் செஷனை கார்டோடு கட்டிப்போட்டு, ஆர்பி ஃபில்டரை 2, ஏஆர்பி இக்னோரை 1, ஏஆர்பி அனௌன்ஸை 2 என்று வையுங்கள். அது ஓடும். ஆனால் 2 வருடம் கழித்து வேறொருவர் வந்து பார்க்கும்போது தலையும் புரியாது, வாலும் புரியாது.

லாகின் ஆகவே இல்லையென்றால் பிழை எண்ணைப் பாருங்கள். 24 என்றால் அனுமதிப் பிரச்சினை: சாப் பாஸ்வேர்ட் (ஐஸ்கஸி லாகினுக்கானது) தவறு, அல்லது ஸ்டோரேஜில் இந்த சர்வரின் ஐக்யூஎன் (ஐஸ்கஸியில் அதன் அடையாளப் பெயர்) சேர்க்கப்படவில்லை. 8 என்றால் டைம்அவுட். 4 என்றால் இணைப்பே தோல்வி. இந்த இரண்டுக்கும் 4, 5-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். 15 என்றால் செஷன் ஏற்கெனவே இருக்கிறது, அது பிழையே அல்ல. 21 என்றால் பதிவே இல்லை, டிஸ்கவரி முதலில் செய்ய வேண்டும்.

டிஸ்கவரியிலும் ஒரு பொறி உண்டு. ஒரு போர்ட்டலைக் கேட்டால் ஸ்டோரேஜ் தன்னிடம் உள்ள எல்லா போர்ட்டல்களையும் திருப்பித் தரும். நம் சர்வருக்கு எட்டாதவையும் அதில் இருக்கலாம். அவை பதிவாகி, ஒவ்வொரு பூட்டிலும் லாகின் முயற்சி செய்து, டைம்அவுட் ஆகி, பூட்டை நிமிடக் கணக்கில் இழுக்கும். எட்டாத பதிவுகளை அழித்துவிடுங்கள்.

செஷன் விழுகிறது, எழுகிறது, விழுகிறது என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தால் முதல் சந்தேகம் குளோன் செய்த மெஷின். சர்வரின் ஐக்யூஎன் எழுதியுள்ள இனிஷியேட்டர் நேம் ஃபைலும் சேர்ந்து குளோன் ஆகி, 2 சர்வர்கள் ஒரே ஐக்யூஎன்-இல் லாகின் செய்யும். ஸ்டோரேஜ் இருவரையும் ஒரே ஆள் என்று நினைக்கும். ஒருவர் உள்ளே வர, மற்றவர் வெளியே. இதில் வேகப் பிரச்சினை சின்னது. இரண்டு சர்வரும் ஒரே லன்னைப் பார்ப்பதால், மவுண்ட் ஆகிவிட்டால் டேட்டா கந்தல். புதிய பெயரை 'ஐஸ்கஸி-ஐநேம்' தரும். அதை ஃபைலில் போட்டு, ஸ்டோரேஜ் பக்கமும் மாற்றிய பிறகே அந்த மெஷினை மறுபடி லாகின் செய்ய விடுங்கள்.

7. லன் தெரிகிறதா

செஷன் இருக்கிறது, டிஸ்க் இல்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டோரேஜில் லன் மேப்பிங் பாதியில் நிற்பதுதான்: ஏ கண்ட்ரோலரின் போர்ட்டுகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு பி-யை மறந்திருப்பார்கள். மேப்பிங் சரியானதும் செஷன் ரீஸ்கேன் செய்யுங்கள். ரீஸ்கேன் ஓடும் பாதைகளைத் தொந்தரவு செய்யாது. லாக்அவுட் செய்துவிட்டு லாகின் செய்யும் பழக்கத்தை விடுங்கள்.

8. டிஸ்க்குகள் இருக்கின்றன, மேப் சேரவில்லை

எல்எஸ்பிஎல்கே-யில் எஸ்டிபி முதல் எஸ்டிஇ வரை 4 டிஸ்க்குகள் தனித்தனியே நிற்கின்றன, அவற்றைச் சேர்க்கும் எம்பாத் (மல்டிபாத் மேப்) எதுவும் இல்லை. இங்கே 4 காரணங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, நான்கும் ஒரே லன் தானா? 'ஸ்கஸி-ஐடி' கட்டளையால் ஒவ்வொன்றின் டபிள்யூடபிள்யூஐடி-யையும் எடுத்து ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் ஸ்டோரேஜ் பக்கத்தில் மேப்பிங் தவறு. மல்டிபாத்தைத் திட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது, பிளாக்லிஸ்ட். உள் டிஸ்க்கை விலக்குவதற்காக யாரோ 'எஸ்டி எழுத்தில் தொடங்கும் எல்லாம்' என்று எழுதியிருப்பார்கள். 'மல்டிபாத் -வி3' ஒவ்வொரு டிஸ்க்கையும் ஏன் சேர்த்தது, ஏன் விட்டது என்று விளக்கும். நீளமான வெளியீடு, ஆற அமரப் படியுங்கள். விலக்குவதை டிஸ்க் பெயரால் செய்யாமல் டபிள்யூடபிள்யூஐடி-யால் செய்தால் இந்தத் தலைவலி வராது, ஏனென்றால் பெயர் மாறும், அந்த எண் மாறாது.

மூன்றாவது, ஃபைண்ட்-மல்டிபாத்ஸ் என்ற அமைப்பு. அது 'யெஸ்' என்றிருந்தால், ஒரே எண்ணோடு 2 பாதைகளாவது தெரிந்த பிறகே மேப் உருவாகும். ஒரே பாதை மட்டும் உள்ள நிலையில் சோதித்துப் பார்ப்பவர்கள் இதில் குழம்புவார்கள். 'மல்டிபாத் -ஏ' என்று போட்டு அந்த டிஸ்க்கை டபிள்யூடபிள்யூஐடிஸ் ஃபைலில் சேர்த்தால் ஒரே பாதையிலும் மேப் உருவாகும்.

நான்காவதுதான் நச்சுத்தனமானது. பூட் ஆகும்போது மல்டிபாத்தை முந்திக்கொண்டு எல்விஎம் (டிஸ்க்குகளை லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் அடுக்கு) ஓடிப்போய் எஸ்டிபி-யை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு மல்டிபாத்தால் அதை எடுக்க முடியாது. 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று லாகில் வரும். எல்லாம் ஓடுவதுபோலவே இருக்கும். ஆனால் லாஜிக்கல் வால்யூம் ஒற்றைப் பாதையின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பாதை போனால் அதுவும் போகும். எல்எஸ்பிஎல்கே-யின் மர வடிவில் லாஜிக்கல் வால்யூமுக்கு நேர் மேலே எம்பாத் இருக்கிறதா, எஸ்டிபி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைச் சரிசெய்யும்போது எல்லோரும் மறப்பது இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கும்போது ஏற்றப்படும் சிறு ஃபைல் தொகுப்பு). பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது அதற்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலின் பழைய நகல். கான்ஃபிக் ஃபைலை மாற்றிய பின் ரெட் ஹேட் வகையில் 'ட்ராகட் -எஃப்', உபுண்டு, டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' செய்யாவிட்டால் உங்கள் மாற்றம் பூட்டின் கண்ணுக்குத் தெரியாது.

என்விஎம்இ ஓவர் டிசிபி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: கெர்னலின் சொந்த மல்டிபாத் இயங்கும்போது அந்த டிஸ்க்குகளை மல்டிபாத்டி கையாளாது. 'என்விஎம்இ லிஸ்ட்-சப்சிஸ்' கட்டளையில்தான் பாதைகள் தெரியும்.

9. பாதை மாறியது, ஆனால் அப்ளிகேஷன் 2 நிமிடம் உறைந்தது

இது கோளாறு அல்ல, கணக்கு. ஐஸ்கஸி ஒவ்வொரு 5 நொடிக்கும் ஒரு சோதனைச் சேதி அனுப்பும், பதிலுக்கு 5 நொடி காத்திருக்கும். ஆக, பாதை செத்தது தெரிய 10 நொடி வரை ஆகலாம். அதன்பின் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் தொடங்குகிறது. ஐஸ்கஸியில் அதன் இயல்பு மதிப்பு 120 நொடி. அந்த 120 நொடியும் ஐஸ்கஸி ஐஓவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, செஷன் திரும்புமா என்று பார்க்கும். மேலே உள்ள மல்டிபாத்துக்குச் சேதியே போகாது.

ஒற்றைப் பாதை உள்ள சர்வருக்கு அந்தப் பொறுமை நல்லது. நமக்கோ மாற்றுப் பாதை தயாராக இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்? 5 முதல் 15 நொடி போதும். மல்டிபாத்டியின் ஃபாஸ்ட்-ஐஓ-ஃபெயில் அமைப்பும் இதே மதிப்பை மாற்றக்கூடியது. ஆகவே ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாதம் செய்யாமல், சிஸ்எஃப்எஸில் அந்த செஷனின் 'ரெக்கவரி டிஎம்ஓ' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஓடுவது அதுதான்.

வழக்கமான தவறு: ஐஸ்கஸிடி கான்ஃப் ஃபைலில் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. அந்த ஃபைல் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் டார்கெட்டுகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே பதிவானவற்றுக்கு 'ஐஸ்கஸிஅட்ம்' மூலம் நோட் பதிவை அப்டேட் செய்து, ஒவ்வொரு செஷனாக லாக்அவுட், லாகின் செய்ய வேண்டும். ஒன்று திரும்பி 'ரெடி' ஆன பிறகே அடுத்தது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சில லினக்ஸ்களில் ஐஸ்கஸி சர்வீஸை நிறுத்தினால் எல்லா செஷனும் ஒரே நேரத்தில் லாக்அவுட் ஆகும்.

பாதை நிமிடத்துக்கு நாலு தடவை விழுந்து எழுந்தால், முழுதாகச் செத்த பாதையைவிட அது மோசம். ஒவ்வொரு முறையும் ஐஓ அதன் வழியே போய் மாட்டும். 'மல்டிபாத்டி ஃபெயில் பாத்' என்று அந்த டிஸ்க்கின் பெயரைச் சொல்லி ஓரங்கட்டிவிட்டு நிதானமாகக் கேபிளைப் பாருங்கள். 'ரீஇன்ஸ்டேட்' சொல்லும்வரை அது திரும்பி வராது.

10. எல்லாப் பாதையும் போய்விட்டால்

க்யூ இஃப் நோ பாத் இருந்தால், ஐஓ பிழை தராமல் காத்துக்கொண்டே இருக்கும். டேட்டாபேஸ் ப்ராசஸ்கள் 'டி' நிலைக்குப் போகும். கில் -9 வேலை செய்யாது. டிஎஃப் கட்டளை கூடத் தொங்கும். பதறாதீர்கள். பாதை 5 நிமிடத்தில் திரும்பும் என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். பாதை வந்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்காகத்தான் அந்த அமைப்பு.

திரும்பாது என்று உறுதியான பிறகு மட்டும் 'மல்டிபாத்டி டிஸேபிள்க்யூயிங் மேப்' போடுங்கள். தேங்கிய ஐஓ அனைத்தும் பிழையாகத் திரும்பும். ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகலாம், எக்ஸ்எஃப்எஸ் தன்னையே மூடிக்கொள்ளும். ஆனால் ப்ராசஸ்கள் விடுபடும்.

எதை நிரந்தரமாக வைப்பது என்று கேட்பார்கள். நான் பெரும்பாலும் நோ-பாத்-ரீட்ரை 12 என்று வைக்கிறேன். 5 நொடிக்கு ஒரு சோதனை என்ற கணக்கில் சுமார் 60 நொடி. கண்ட்ரோலர் மாறுவதற்குப் பொறுமையும் உண்டு, முடிவில்லாத தொங்கலும் இல்லை. கிளஸ்டர் மென்பொருள் ஓடும் சர்வரில் இந்த எண்ணை அதன் சொந்த டைம்அவுட்டோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

11. லன்னை நீக்கும் வரிசை

கோளாறு வழிகாட்டியில் இது எதற்கு என்றால், அடுத்த மாதக் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அன்மவுண்ட், பிறகு வால்யூம் குரூப்பை அணைத்தல், பிறகு 'மல்டிபாத் -எஃப்' சின்ன எழுத்தில் அந்த மேப்பின் பெயரோடு, பிறகு ஒவ்வொரு எஸ்டி டிஸ்க்கையும் சிஸ்எஃப்எஸ் வழியாக டிலீட், கடைசியாக ஸ்டோரேஜில் அன்மேப். பெரிய எழுத்து எஃப் போட்டால், பயன்பாட்டில் இல்லாத மேப்புகள் எல்லாமே கழற்றப்படும். நாளைக்கென்று யாரோ தயார்செய்து வைத்த லன்னும் அதில் போகும்.

ஸ்டோரேஜ்காரர் அவசரப்பட்டு முதலிலேயே அன்மேப் செய்தால், சர்வரில் செத்த பாதைகள் மிஞ்சும். அதே லன் எண்ணில் அவர் வேறொரு வால்யூமைக் கொடுத்துவிட்டால் இன்னும் ஆபத்து: பழைய எஸ்டிபி என்ற பெயருக்குப் பின்னால் வேறு டிஸ்க் நிற்கும். கெர்னல் லாகில் 'லன் அசைன்மென்ட்ஸ் ஆன் திஸ் டார்கெட் ஹேவ் சேஞ்ச்ட்' என்ற எச்சரிக்கையைப் பார்த்தால் வேறு வேலை எதுவும் செய்யாமல் முதலில் அதைக் கவனியுங்கள்.

12. சரியானதும் வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள்

4 பாதையும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்று வந்ததும் டிக்கெட்டை மூடிவிடாதீர்கள். 6-ஆம் படியில் சொன்னதுபோல, பச்சையாகத் தெரிவது போதாது.

பராமரிப்பு நேரம் கேட்டு வாங்குங்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அந்த லன்னில் நொடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதி உடனே சிங்க் செய்யட்டும். முதல் கார்டின் கேபிளைக் கழற்றுங்கள். எழுத்தில் எத்தனை நொடி இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான ஃபெயிலோவர் நேரம். 9-ஆம் படியின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். திருப்பிச் செருகி, பாதைகள் நான்கும் திரும்பும்வரை காத்திருந்து, பிறகே இரண்டாவது கார்டு. காத்திருக்காமல் இரண்டாவதைக் கழற்றியவர் சோதனைக்குப் பதில் விபத்தைத்தான் நடத்துவார்.

கேபிளைக் கழற்றுவது ஒரு வகை அறுப்பு மட்டுமே. லிங்க் பச்சையாக இருக்க, நடுவில் சுவிட்ச் பாக்கெட்டை விழுங்குவது இன்னொரு வகை. அதற்கு ஒரு போர்ட்டலின் ஐபியிலிருந்து வருவதை ஐபிடேபிள்ஸில் 'ட்ராப்' செய்து பாருங்கள். 'ரிஜெக்ட்' வேண்டாம். ரிஜெக்ட் உடனே மறுப்பைச் சொல்லிவிடும், செத்த சுவிட்ச் எதுவுமே சொல்லாது.

கடைசியாக ஒரு முழு ரீபூட். எஃப்எஸ்டேப்-இல் அந்த மவுண்டுக்கு 'அண்டர்ஸ்கோர் நெட்டேவ்' (நெட்வொர்க் வந்த பிறகே மவுண்ட் செய் என்ற குறிப்பு) இருக்கிறதா, எம்பாத் எல்விஎம்முக்கு முன்பு எழுகிறதா, எட்டாத போர்ட்டல் எதற்கும் பூட் காத்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பூட் ஆனதும் 2-ஆம் படியின் அதே கட்டளைகளை மறுபடி ஓட்டி, நல்ல நிலையின் பதிவாக தேதியோடு சேமித்து, வயரிங் பட்டியலோடு சேர்த்து வையுங்கள்.